நாற்பதைத் தாண்டியும் முன்னால் ஓடுவது எப்படி? ஏற்காடு மலைப்பாதையை வைத்து ஒரு விளக்கம்

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் ஓட்டப்பந்தயம் ஒன்றில் 48 வயதுக்காரர் கல்லூரிப் பையன்களை முந்திக்கொண்டு வந்தால், கைதட்டலோடு ஒரு முணுமுணுப்பும் கிளம்பும்: “ஏதாவது ஊசி போடுவாரோ?” இந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வரவில்லை. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா 2023இல் பரிசோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. அதாவது 3.8 சதவீதம். அதிக அளவில் பரிசோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக உயர்ந்த விகிதம். இப்படிச் செய்திகள் வந்துகொண்டிருக்கும்போது, வயதான ஒருவர் ஜெயித்தாலே கண் அங்கே போகிறது.

ஆனால் வயதை மட்டும் பார்த்துச் சந்தேகப்படுவது தவறு. நேர்மையாக ஓடும் மூத்த வீரரின் உடல் புதிதாக எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. இருப்பதை மெதுவாக இழக்கிறது. ஊக்கமருந்து எடுப்பவரின் உடலில் திடீரென்று ஏதோ ஒன்று கூடுகிறது. ஒரே ஒரு பந்தயத்தின் நேரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. பத்து வருட நேரங்களை வரிசையாக வைத்தால் தெரியும். அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வயது எதை எடுத்துக்கொள்கிறது?

1. இதயத் துடிப்பின் உச்சம். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால், ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 25 வயதில் சுமார் 190. 48 வயதில் சுமார் 174. எந்தப் பயிற்சியாலும் இந்தக் குறைவைத் தடுக்க முடியாது.

2. ஆக்சிஜன் கொள்ளளவு. முழு மூச்சோடு ஓடும்போது உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதே இது. சாதாரண ஆட்களுக்கு 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. தீவிரப் பயிற்சியை விடாதவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான் குறைகிறது. இந்தக் கட்டுரைக்கு அடித்தளமே இந்தப் பாதிதான். இழப்பு தவிர்க்க முடியாதது என்றாலும் அதன் வேகம் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

3. வேகத் தசைநார்கள். தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் நார்களும் உண்டு, சட்டென்று சுருங்கி விரைவில் களைத்துப்போகும் நார்களும் உண்டு. வயதாகும்போது இரண்டாவது வகைதான் அதிகம் தேய்கிறது. அதனால்தான் 100 மீட்டர் ஓட்டக்காரர் சீக்கிரம் ஓய்வு பெறுகிறார், மாரத்தான்காரர் நீடிக்கிறார்.

4. மீளும் திறன். கடும் பயிற்சிக்குப் பிறகு இளைஞனுக்கு ஒருநாள் ஓய்வு போதும் என்றால், ஐம்பதை நெருங்குபவருக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். குதிகால் நாண் போன்ற தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை தசையைவிட மெதுவாகத்தான் ஆறும்.

எது எளிதில் போவதில்லை?

சரி, இவ்வளவு போன பிறகு எதை வைத்து ஓடுகிறார்கள்? இரண்டு விஷயங்கள் வயதுக்கு அவ்வளவு சீக்கிரம் பணிவதில்லை. ஒன்று, கொள்ளளவில் எத்தனை சதவீதத்தை நீண்ட நேரம் பயன்படுத்த முடிகிறது என்பது. கொள்ளளவு குறைந்தாலும், அதன் பெரும்பகுதியைக் களைப்பில்லாமல் பயன்படுத்தத் தெரிந்தவர் இளைஞனோடு மோத முடியும். இரண்டாவது, ஓட்டச் சிக்கனம்: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற கணக்கு. பல்லாண்டு ஓடிய கால்கள் வீண் அசைவு இல்லாமல் ஓடக் கற்றிருக்கும்.

போர்ச்சுகலின் கார்லோஸ் லோப்பஸ் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் மாரத்தானை 37 வயதில் வென்றார். மறு வருடம் ரோட்டர்டாமில் 2 மணி 7 நிமிடம் 12 விநாடியில் ஓடி உலக சாதனையும் படைத்தார். ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றபோது அவருக்கு 38 வயது.

நுணுக்கம் கூடுதலாகத் தேவைப்படும் ஆட்டங்களில் இந்த ஆயுள் இன்னும் நீள்கிறது. நம் சரத் கமல் 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வென்றார். 16 வருடம் கழித்து, 2022இல் பர்மிங்ஹாமில், 40 வயதில் அதே தங்கத்தை மறுபடியும் வென்றார். அந்த ஒரே தொடரில் மொத்தம் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. ரோகன் போபண்ணா 43 வயதில் 2024 ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்று உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன தன்னை ஐயங்கார் யோகாதான் களத்தில் நிறுத்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மெதுவான சரிவு எப்படி இருக்கும் என்பதற்கு இவர்கள் எல்லாரையும்விடத் தெளிவான சான்று கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக். 48 வயதில் அவருடைய மாரத்தான் நேரம் 2 மணி 31 நிமிடம் 23 விநாடி. 73 வயதில் 2 மணி 54 நிமிடம் 48 விநாடி. 25 வருடத்தில் இழந்தது 23 நிமிடம் 25 விநாடி, அதாவது வருடத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. 85 வயதில் 3 மணி 56 நிமிடம். கடைசி 12 வருடத்தில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. முதலில் மெல்லச் சரிந்து எழுபதுகளுக்குப் பிறகு செங்குத்தாக இறங்கும் கோடு இது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்காக மெதுவாகச் சுற்றி ஓடுவதுதான் அவருடைய பயிற்சி.

எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலேயின் கோடும் அப்படித்தான் போகிறது. 2019இல் 37 வயதில் 2 மணி 1 நிமிடம் 41 விநாடி. 2024 லண்டன் மாரத்தானில் 41 வயதில் 2 மணி 4 நிமிடம் 15 விநாடி. இந்த நேரத்துக்கு அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. உலகின் உச்சியிலேயே இருந்தாலும் வயது தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். வயதில் அவர் மூத்தவர் கிடையாது. ஆனால் உயரம் தாண்டுதல் முழுக்க வேகத் தசைநார்களை நம்பிய போட்டி. அதில் எட்டு வருட இடைவெளியில் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் நின்றிருக்கிறார். ஒவ்வொரு பயிற்சியாளரும் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய எண்கள் இவை.

ஏற்காடு மலை எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை?

சேலம் ஓட்டக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: ‘ஏற்காட்டுல ஓடினா ரத்தம் ஊறும்.’ இது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் பயிற்சியைத் தவறாகத் திட்டமிடுகிறார்கள்.

உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. சிறுநீரகம் இதை உணர்ந்து எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஈபிஓ என்று செய்திகளில் வருவது இதுதான். எலும்பு மஜ்ஜை இந்தக் கட்டளையை ஏற்றுச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. இயற்கையாக நடக்கும் இதே வேலையை ஊசி மூலம் செய்தால் அது ஊக்கமருந்து.

இந்த மாற்றம் கணிசமாக நடக்க 2,000 மீட்டருக்கு மேல், வாரக்கணக்கில் தங்கியிருக்க வேண்டும். கென்ய ஓட்டக்காரர்கள் வாழும் இட்டன் ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அவ்வளவுதான். மூச்சு சற்று வாங்கும். ஆனால் சிவப்பணுக்கள் குறிப்பிடும்படி கூடாது. அதிலும் ஞாயிறு காலை மேலே போய் மத்தியானம் அஸ்தம்பட்டிக்குத் திரும்பி வருபவருக்கு ரத்தத்தில் ஒரு மாற்றமும் நடக்காது.

அப்படியென்றால் மலை எதற்கு? மூத்தவர்களுக்கு இந்த மலை தருவது வேறு மூன்று விஷயங்கள்.

முதலாவது குளிர்ச்சி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். சேலம் நகரத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். ஏப்ரல், மே மாதங்களில் இதற்கு மதிப்பு அதிகம். வயதாகும்போது வியர்க்கும் திறனும் குறைகிறது, தாக உணர்வும் மங்குகிறது. நீளமான ஓட்டத்தை மேலே லூப் ரோட்டில் வைத்துக்கொள்பவர் அதே உழைப்பைக் குறைந்த ஆபத்தில் செய்கிறார். வெயிலைக் கெடுதல் என்று முழுக்க ஒதுக்கவும் தேவையில்லை. பத்துப் பதினான்கு நாள் அளவோடு வெப்பத்தில் ஓடிப் பழகினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தமும் கூடுகிறது. மலையில் கிடைக்கும் என்று நினைத்த ரத்த லாபத்தில் ஒரு பங்கைச் சேலத்துச் சமவெளியே தருகிறது.

இரண்டாவது ஏற்றம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். அதிகாலை ஐந்தரை மணி, அடிவாரம். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஒருவர் ஏறத் தொடங்குகிறார். மேலே வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 20 கிலோமீட்டர், சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்தாறு மீட்டர் ஏற்றம். அவருடைய ஓட்டத்தைப் பார்ப்பவருக்கு அது வேக நடை போலத்தான் தெரியும். எடுத்துவைக்கும் அடி சின்னது, உடல் லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறது, பாதத்தின் முன்பகுதி முதலில் படுகிறது. வளைவு வந்தால் சரிவு செங்குத்தாக இருக்கும் உள்பக்கத்தை விட்டு, வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வெளிப்பக்கமாகப் போகிறார். கைக்கடிகாரத்தில் துடிப்பு 150ஐத் தாண்டினால் நடக்கிறார். சமவெளியில் இதே துடிப்பை எட்ட அவர் மிக வேகமாக ஓட வேண்டியிருக்கும். ஒவ்வொரு அடியும் முழங்காலில் இடியாக இறங்கும். ஏற்றத்தில் பாதம் விழும் உயரம் குறைவு, அதிர்ச்சியும் குறைவு. ஆனால் இதயத்துக்கு முழு வேலை, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் எடை தூக்கியது போன்ற வேலை. வயது முதலில் குறிவைக்கும் வேகத் தசைநார்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான அழைப்பு கிடைப்பது அரிது.

மூன்றாவது, இறக்கம். இது தரும் லாபத்தோடு செலவும் உண்டு. இறங்கும்போது முன்தொடைத் தசை பிரேக் பிடிக்கிறது. நீண்டுகொண்டே எடை தாங்குவதால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று முதல் மூன்று நாள் வரை வலி உச்சத்தில் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் அடுத்த முறை இந்தச் சேதம் குறையும், அது நல்லதே. ஆனால் மீளும் திறன் குறைந்த வயதில் 20 வளைவையும் ஒரே மூச்சில் ஓடி இறங்குபவர் அடுத்த ஒரு வாரப் பயிற்சியை இழக்கிறார். அனுபவமுள்ளவர்கள் ஏறி முடித்து, ஏரிப் பக்கம் டீயோ காபியோ குடித்துவிட்டு, பஸ்ஸில் இறங்குகிறார்கள். இறக்கப் பயிற்சி வேண்டும் என்றால் கடைசி இரண்டு மூன்று வளைவுகளில் மட்டும் இறங்கி ஓடுகிறார்கள். இளைஞர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியலாம். என் பார்வையில் மூத்த வீரரின் புத்திசாலித்தனம் முழுவதும் அந்த பஸ் டிக்கெட்டில் இருக்கிறது.

தக்கவைக்கும் வேலைகள்

1. பெரும்பாலான ஓட்டத்தை மெதுவாக ஓடுவது. உலகத் தர நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பயிற்சியில் சுமார் 80 சதவீதம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் நடக்கிறது. மீதி 20 சதவீதம் கடுமையானது. பொழுதுபோக்காக ஓடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, தினமும் நடுத்தர வேகத்தில் ஓடுவது. அதில் ஓய்வும் கிடைக்காது, கூர்மையும் கிடைக்காது.

2. எடை தூக்குவது. வாரம் இரண்டு முறை, கனமான எடை, குறைவான தடவைகள். ஓட்டச் சிக்கனத்தை இது மேம்படுத்துகிறது, தசைநாணை உறுதியாக்குகிறது. நாற்பதுக்கு மேல் பலரும் ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும்: நேரம் போதவில்லை என்றால் ஒருநாள் ஓட்டத்தை விட்டு எடையைத் தூக்கலாம்.

3. புரதத்தைப் பிரித்துச் சாப்பிடுவது. வயதான தசை புரதத்துக்கு மந்தமாகவே பதில் சொல்கிறது. இளைஞனுக்கு ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கிராம் புரதம் போதும் என்றால், மூத்தவருக்கு 0.4 கிராம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு வேளைக்கு 24 கிராம், ஏறக்குறைய நான்கு முட்டை. ஓட்டம் முடித்து நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிட்டால் இதில் பாதிகூடத் தேறாது. கொண்டைக்கடலைச் சுண்டல், கொள்ளு, பால், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி ஒரே வேளையில் கோழிக்கறியைக் குவிப்பதால் அந்த அளவுக்குப் பயனில்லை.

4. தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. வயதோடு அந்த ஆழம் குறைகிறது. அதிகாலை ஓட்டத்துக்காக நான்கு மணிக்கு எழுபவர் ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும்.

5. காபி. கஃபீன் 2004 முதல் தடைப் பட்டியலில் இல்லை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் எடுத்தால் நெடுந்தூர ஓட்டத்தில் சிறிய அளவில் நிஜமான பலன் உண்டு. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் விளைவது விதிக்கு உட்பட்ட ஒரு உதவி.

6. 40 வயதுக்கு மேல் கடும் பயிற்சி தொடங்கும் முன் இதயப் பரிசோதனை. இந்த வயதில் ஓடும்போது திடீர் மரணம் நேர்ந்தால், பெரும்பாலும் இதய ரத்தக் குழாய் அடைப்புதான் காரணம்.

ஊக்கமருந்து: எப்படிப் பிடிபடுகிறது?

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா 1999இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் அதன் புதிய தடைப் பட்டியல் அமலுக்கு வருகிறது. அடிப்படை விதி கடுமையானது: உடலுக்குள் என்ன போனாலும் வீரரே பொறுப்பு. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

மூத்தவர்களைச் சபலப்படுத்தும் பொருள்கள் முக்கியமாக இரண்டு. ஈபிஓ, டெஸ்டோஸ்டிரோன். வயது எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் கொள்ளளவையும் தசையையும் இவை திருப்பித் தருவதாக ஆசை காட்டுகின்றன. ஆனால் ஈபிஓ ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. ரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருக்க வாய்ப்புள்ள வயதில் இது உயிரோடு விளையாடுவது. டெஸ்டோஸ்டிரோனும் சிவப்பணு அளவை ஏற்றுகிறது. “வயசாகி ஹார்மோன் குறைந்துவிட்டது, டாக்டர் எழுதிக் கொடுத்தார்” என்பதும் செல்லாது. நோயால் சுரப்பே பழுதடைந்தவருக்கு விதிவிலக்கு உண்டு. வயதால் குறைந்ததற்குக் கிடையாது.

ஈபிஓ உடலில் சில நாள்களே தடம் விடும். அதனால் பொருளைத் தேடுவதோடு நிற்காமல் அதன் விளைவையும் தேடும் முறை 2009இல் வந்தது. அதற்கு உயிரியல் பாஸ்போர்ட் என்று பெயர். வீரரின் ஹீமோகுளோபின், புதிய சிவப்பணுக்களின் விகிதம் போன்றவற்றை வருடக்கணக்காகப் பதிவு செய்து, அவருக்கே உரிய இயல்பான எல்லையை வரைகிறார்கள். அந்த எல்லையைத் தாண்டினால் கேள்வி எழும். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடேயே ஒப்பிடுவதுதான் இதன் பலம்.

அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஓய்விலிருந்து திரும்பி, 2009இல் 37 வயதில் டூர் டி பிரான்ஸில் மூன்றாம் இடம் பிடித்தார். உலகமே வியந்தது. 2012இல் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை 1998 ஆகஸ்டுக்குப் பிந்தைய அவருடைய முடிவுகள் அனைத்தையும் ரத்து செய்தது. திரும்பி வந்த காலத்து ரத்த அளவுகளே இயல்பானவை அல்ல என்றும் அந்த அறிக்கை வாதிட்டது. பழைய வெற்றிகளின்போது ஊக்கமருந்து எடுத்ததை அவர் பின்னால் ஒப்புக்கொண்டார். 2009ஐ மட்டும் மறுத்தார்.

உள்ளூர் ஓட்டங்களில் இப்படிப் பரிசோதனை நடப்பதில்லை. ஆனால் விட்லாக்கின் சரிவுக் கோட்டை அளவுகோலாக வைத்து யாரும் பார்க்கலாம். பத்து வருடமாக ஓடும் ஒருவரின் வேகம் 45 வயதில் மெல்ல மெல்லக் குறைந்தால் அது இயல்பு. 42 வயதில் முதன்முதலாக ஓடத் தொடங்கியவர் ஐந்து வருடம் முன்னேறிக்கொண்டே போவதும் இயல்புதான். அவர் இன்னும் தன் உச்சத்தைத் தொடவில்லை. இருபது வருடம் ஓடியவர் 47 வயதில் ஒரே பருவத்தில் தன் இளமைக்கால நேரத்தை முறியடித்தால்தான் கேள்வி கேட்க இடம் உண்டு. அப்போதுகூட அது கேள்விதான், தீர்ப்பல்ல.

வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள ஆபத்து

மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக நடக்கிறது. உலக மூத்தோர் போட்டிகளில் வாடா விதிகள் பொருந்தும். இங்கே ஏமாற்ற நினைக்காதவர்களும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு:

1. ரத்த அழுத்த மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற, சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் எப்போதும் தடை. பல கூட்டு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் வரும் எச் என்ற எழுத்து இந்த மருந்தைத்தான் குறிக்கும். அம்லோடிபின் போன்ற மாற்றுகளுக்குத் தடை இல்லை.

2. இருமல் சிரப். இங்கே விற்கும் பல சிரப்புகளில் டெர்புடலின் இருக்கிறது. அது தடைப் பட்டியலில் உள்ளது.

3. மூட்டு ஊசி. முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை.

4. இன்சுலின். சர்க்கரை நோயாளிக்கு அவசியம், ஆனால் விதிவிலக்கு வாங்கியாக வேண்டும். மெட்ஃபார்மினுக்குத் தடை இல்லை.

5. ஜிம்மில் கொடுக்கும் பவுடர். டப்பாவின் மேல் எழுதாத பொருள் உள்ளே இருந்தாலும் பொறுப்பு குடித்தவருக்கே.

மருந்துச் சீட்டில் உள்ள பிராண்ட் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படிக்க வேண்டும். நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் அந்தப் பெயரைப் போட்டால் தடை உண்டா என்று தெரியும். தடை இருந்து, மாற்று மருந்தும் இல்லை என்றால் சிகிச்சைக்கான விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம். நோயறிக்கை, பரிசோதனை முடிவுகள், மருத்துவரின் கடிதம் மூன்றையும் சேர்த்து, போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அனுப்ப வேண்டும். மாத்திரையை மட்டும் போட்டிக்கு முந்தைய வாரம் தானாக நிறுத்திவிட்டு ஓடப் போகக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறிய நிலையில் 20 வளைவு ஏறும் இதயத்துக்கு அது எந்தத் தடைப் பட்டியலைவிடவும் ஆபத்து.